டாமரிஸ் எழுந்து நிற்காத நாள்

முப்பது வயதுவரை டாமரிஸ் சபையில் ஒரு சொல் பேசியதில்லை. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. எங்கள் சபையில் எல்லாரும் மௌனமாகத்தான் உட்கார்ந்திருப்போம். ஆவி அசைத்தால் மட்டும் எழுந்து பேசலாம். சொந்தக் கோபத்தை ஆவி என்று எண்ணிப் பேசிவிடுவது பாவம்.

அவள் கணவன் ஜேபெஸ் குதிரைச் சேணம் தைப்பவன். மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருப்பது திருட்டு என்று ஆறு வருடமாகச் சபையில் சொல்லிவந்தான். "சேணக்காரன் எந்திரிக்கிறான், காதப் பொத்திக்கோ" என்று முணுமுணுப்பார்கள். அடிமைகள் வெட்டிய கரும்பு என்று வீட்டில் சர்க்கரையை நிறுத்தியிருந்தான். பிள்ளைகள் சோளக்கூழை வெறுமனே குடித்தார்கள்.

டாமரிஸின் அப்பா நேத்தன் ஆற்றோரம் மாவு மில் வைத்திருந்தார். அவருடைய அடிமையான ஜூடித், டாமரிஸைத் தூக்கி வளர்த்தவள். ஜூடித்தின் மகள் ஃபீபிக்கு ஒன்பது வயது. அந்த வசந்தத்தில் ஃபீபியை, தெற்கே கரோலினாத் தோட்டங்களுக்கு அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்காரனுக்கு விற்க நேத்தன் பேசி முடித்தார். ஜேபெஸ் அதைச் சபைக்குக் கொண்டுபோனான்.

டாமரிஸின் அம்மா சாகும்போது, "ஜூடித்தோட குழந்தைய விடுதலை பண்ணிடு" என்று நேத்தனிடம் கேட்டாள். நேத்தன் சரி என்று தலையாட்டினார். அவர்களைத் தவிர அறையில் அப்போது இருந்தது டாமரிஸ் ஒருத்திதான். அதை ஜேபெஸிடமும் ஜூடித்திடமும் சொல்லியிருந்தாள்.

"நம்ம சபைல யாரும் சத்தியம் பண்றதில்ல, சொன்ன சொல்லே சாட்சி. நீ எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றான் ஜேபெஸ்.

"ஆவி அசைச்சா சொல்றேன்."

"அசைக்கலன்னா?"

மில் வாசலில் ஜூடித் டாமரிஸின் கையைப் பிடித்து, "பேசிடுவ இல்ல, கண்ணு?" என்று கேட்டபோது அவள் தலையசைத்தாள்.

வழக்கைக் கேட்கச் சபை கூடிய அன்று, எல்லாரும் சேர்ந்து கேட்பதற்காக ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இருந்த தடுப்பைத் தூக்கியிருந்தார்கள். எங்களில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் 'நீ'தான்.

"நேத்தன், நீ வாக்குக் குடுத்தியா இல்லியா?" என்றான் ஜேபெஸ்.

"காய்ச்சல்ல அவ என்னென்னவோ பொலம்பினா. நான் தலையாட்டல. நீ அங்க இருந்தியா, மாப்பிள்ள?"

சிலர் தொண்டைக்குள் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்தும் எழுத்தர் கேட்டார்: "வேற யாருக்காவது தெரியுமா?"

டாமரிஸின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இது ஆவியா, அப்பா மேல் உள்ள கோபமா? நிச்சயமாகட்டும் என்று காத்திருந்தாள். முன்னால் இருந்தவளின் தொப்பியில் ஒரு ஈ நடந்தது. வாக்குக்குச் சாட்சி இல்லை என்று எழுத எழுத்தர் இறகை மையில் தொட்டார். எங்களிடம் கை தூக்கி எண்ணும் வழக்கம் இல்லை, மௌனம்தான் சம்மதம். முன்பெஞ்சில் இருந்த மூப்பர் இருவர் கைகுலுக்கினார்கள். கைகுலுக்கினால் சபை முடிந்தது.

அப்போதுதான் அவள் எழுந்தாள். "அப்பா, நீ தலையாட்டின. நான் பாத்தேன்."

நேத்தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். "சபை முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

மூன்றாம் நாள் கப்பல் போனது. துறையிலிருந்து திரும்பிய ஜூடித் டாமரிஸின் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். இந்த முறை கண்ணு என்று கூப்பிடவில்லை.

"உன் சாமி பேசச் சொல்றதுக்குள்ள என் புள்ளய ஏத்திட்டாங்க, டாமரிஸ்."

அதற்குப் பிறகு டாமரிஸ் எதற்கும் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சபை கூடியதும் எழுந்து, "எங்கப்பா தலையாட்டினாரு. நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். மூப்பர்கள் வீட்டுக்கு வந்து கண்டித்தார்கள். நேத்தன் செத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

கப்பல் போய் இருபத்திரண்டு வருடம் கழித்து, அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவானது. ஜேபெஸும் ஜூடித்தும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. யாருக்காவது மறுப்பு உண்டா என்று எழுத்தர் கேட்டார். எல்லாரும் மௌனமாக இருந்தார்கள்.

டாமரிஸ் எழுந்தாள். பழைய பேச்சுதான் என்று நினைத்தார்கள்.

"ஃபீபிக்கு இப்ப முப்பத்தொரு வயசு" என்றாள். "எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமா?"