லவுட்ஸ்பீக்கர் மேடத்தின் தொண்டை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்கு ‘லவுட்ஸ்பீக்கர் மேடம்’ என்று பெயர். மாணவர்கள் அவளுக்குத் தெரியாமல் வைத்தது, எப்படியோ அவள் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. “மெதுவா சொன்னா யாரு கேக்கறா? கத்தினாத்தான் கால் பிரேக்குக்குப் போகுது” என்பாள்.

வீட்டிலும் அவள்தான் பேசுவாள். கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ‘ம்’ என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிடக்கூடிய மனிதர்.

ஒரு நாள் காலை, சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தபோது அவளுக்குக் கொட்டாவி வந்தது. வாயைத் திறந்தவள் அப்படியே உறைந்துவிட்டாள். வலது காதுக்குக் கீழேயிருந்து தொண்டைக்குள் யாரோ ஊசி இறக்கியதுபோல ஒரு குத்தல். முந்தின நாள் சாப்பிட்ட மீனின் முள்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து வாழைப்பழத்தைப் பெரிய பெரிய துண்டாக விழுங்கிப் பார்த்தாள். பழம் இறங்கியது, முள் இறங்கவில்லை.

அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் குத்தும், மென்றால் தாடையில் ஏறும், தலையைத் திருப்பினால் காதுவரை இழுக்கும். எந்த வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறவள் அவள். இந்த வலியோ பல்லைக் கடித்தால்தான் கூடியது!

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “முள்ளும் இல்ல, புண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு” என்றார். பல் டாக்டர் கடைவாய்ப் பல்லின்மேல் சந்தேகப்பட்டு அதைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. மூன்றாவதாக ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “மனசுல ஏதாவது கவலை இருக்காம்மா?” என்று கனிவாகக் கேட்டார்.

“இருக்கு டாக்டர். இந்த வலிதான்.”

அவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. பயந்த சுபாவமுள்ள ஒரு தையல்காரப் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். தடம் மாற வேண்டிய இடத்தில், பின்னால் யாரும் வரவில்லையா என்று மேடமும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத ஓர் ஓரம் எப்போதும் உண்டு. வலிக்குப் பயந்து அன்று அவள் திரும்பவில்லை. “போம்மா” என்றுவிட்டாள். சைக்கிள் மணி காதருகே அலறிய பிறகுதான், கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தாள். சைக்கிள்காரர் காரின் கதவில் கையை ஊன்றிச் சமாளித்து நின்றார், அடி ஒன்றும் படவில்லை. ஏதோ திட்டிவிட்டுப் போனார். தையல்காரப் பெண் அழ ஆரம்பித்தாள்.

“நீ ஏம்மா அழற? தப்பு என்னோடது” என்றாள் மேடம்.

நேராக முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். “கழுத்து சரியாகிற வரைக்கும் நான் ரோட்டுக்குப் போக மாட்டேன் சார்.”

“நம்ம ஸ்கூல்ல உங்களவிட்டா யாரு மேடம்? கண்ணாடியப் பாத்து ஓட்டலாமே.”

“கண்ணாடிய மட்டும் நம்பாதேன்னு எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கறவளே நான்தானே?”

முதலாளி பள்ளிக்குப் பின்னாலிருந்த பயிற்சி மைதானத்தை அவளிடம் விட்டார். கம்பங்களுக்கு நடுவே வண்டியை ஊர்ந்து ஓட்டிப் பழகுகிற இடம் அது. வலியில் கத்த முடியாததால் கையாலேயே சொல்லிக்கொடுத்தாள். வா, நில், ஸ்டியரிங்கை ஒடி, பின்னால் போ. சிலருக்கு அது பிடித்திருந்தது. சிலர், “ஊமைப் படம் மாதிரி இருக்கு” என்று வேறு ஆசிரியரிடம் மாறிக்கொண்டார்கள். அது அவளுக்கு உறைத்தது, ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில்தான் வேடிக்கை. அவள் பேசாததால் வீடு வெறிச்சென்று கிடந்தது. அதைத் தாங்க முடியாமல் கணவர் பேச ஆரம்பித்தார். சோற்றைக் குழையப் பிசைந்து அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, கடைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்வார். நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியைக் காணோம் என்று சண்டைக்கு வந்தவர், மனைவிக்குக் கண்ணாடி அழகாயிருக்கிறதா என்று சொல்லப் பயந்து வாசலிலேயே நின்றவர். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்தால் வலிக்கும்.

“சிரிக்க வைக்காதீங்க” என்று தாடையைப் பிடித்துக்கொள்வாள்.

“ம்” என்பார் அவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார்.

கடைக்கு வந்தவர்களில் ஒருத்தி தாடை டாக்டர். கணவர் தயங்கித் தயங்கி அவளிடம் விஷயத்தைச் சொல்ல, “கூட்டிட்டு வாங்க” என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கச் சொல்லி, தொண்டையின் ஓரத்தில் விரலால் அழுத்தினாள்.

மேடம் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள்.

“ஐயோ டாக்டர், மன்னிச்சிருங்க! உயிரே போயிருச்சு...”

டாக்டர் விரலை உதறிக்கொண்டே சிரித்தாள். “அதே வலிதானே? அந்த இடத்துல எலும்பு தட்டக் கூடாதும்மா. உங்களுக்குத் தட்டுது.”

ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஊசி போன்ற ஓர் எலும்பு எல்லாருக்கும் உண்டு. அவளுக்கு அது வளர்ந்து, நீண்டு, தொண்டை நரம்பை உரசிக்கொண்டிருந்தது. அரிதாக வருகிற கோளாறு, பல டாக்டர்கள் நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்றாள் டாக்டர். திரையில் அந்த எலும்பைப் பார்த்ததும் மேடத்தின் கண் கலங்கிவிட்டது.

“பயப்படாதீங்க” என்றாள் டாக்டர்.

“பயமில்ல டாக்டர். நிஜமாவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுதே, அதான்.”

முதலில் நரம்பு வலிக்கான மாத்திரை கொடுத்தார்கள். வலி பாதி அடங்கியது, ஆனால் பகலெல்லாம் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்து எலும்பைக் குறைக்கலாம், பக்கத்திலேயே முக்கியமான நரம்புகளும் ரத்தக்குழாயும் இருப்பதால் அதிலும் ஆபத்து உண்டு என்று டாக்டர் மறைக்காமல் சொன்னாள். கணவர் முகம் வெளுத்தது.

“மாத்திரையிலயே ஓட்டிரலாமே” என்றார் வீட்டுக்கு வந்ததும்.

“தூங்கி வழிஞ்சுக்கிட்டு எப்படிங்க வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கறது?”

“உனக்கு ஒண்ணுன்னா...” என்றார். மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி வாங்கிவந்தவரும் அவர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாடைக்குக் கீழே ஒரு தழும்பு, காது மடலில் கொஞ்சம் மரமரப்பு. முழுங்கப் பழகவே நாளாயிற்று. குத்தல் நின்றது, குளிர்காற்று பட்டால் மட்டும் லேசாக இழுக்கும். அந்த நாட்களில் ஒரு துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். ரோட்டில் முதல் நாள் தோளுக்கு மேலே முழுசாகத் திரும்பிப் பார்த்தவள், தேவையில்லாமல் இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டாள். இடது பக்க எலும்பும் கொஞ்சம் நீளம்தான் என்று ஸ்கேனில் தெரிந்திருந்தது. “அது தூங்கட்டும், நாம எழுப்ப வேணாம்” என்றாள் டாக்டர்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் போன் செய்தாள். இதே கோளாறோடு ஒருத்தர் வந்திருக்கிறார், ரொம்பவும் சோர்ந்துபோயிருக்கிறார், அவரோடு கொஞ்சம் பேச முடியுமா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே அந்த ஆள் கூப்பிட்டார். வங்கியில் வேலை பார்ப்பவராம்.

“வலிக்குதுன்னு சொன்னா வீட்டுலகூட யாரும் நம்ப மாட்டேங்கறாங்க மேடம்.”

மேடம் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நான் நம்பறேன். எங்க ஆரம்பிக்குது, எங்க போகுது, நிதானமா சொல்லுங்க” என்றாள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவே இல்லை.