அரம் போட்ட எஞ்சின்

மயிலாப்பூரில் என் அடுத்த வீட்டுக்காரர் ஒரு வக்கீல். மூக்குப்பொடி மணக்கும் ஒல்லி மனிதர். மவுண்ட் ரோட்டில் சீமைக் கார் விற்கும் கடையில், அவர் வேட்டியைப் பார்த்து வெள்ளைக்கார மானேஜர் வாசலிலேயே நிறுத்திவிட்டானாம். சுதந்திரம் வந்ததும், வீம்புக்கென்றே நம் நாட்டுக் கம்பெனிக் காரை வாங்கினார். தினமும் கோர்ட்டுக்குப் போகும்போது அந்தக் கடை வாசலில் விடாமல் ஹாரன் அடிப்பார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். சரியாக அந்த வாசலில் வண்டி நின்றுவிட்டது. கடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சீமை வண்டின்னா இப்படி நிக்காது, மாமா" என்றேன்.

"நிக்கட்டுமே! லாபம் அந்த வெள்ளைக்காரக் கடங்காரனுக்குப் போகலியோன்னோ? அது போறும் நேக்கு."

எஞ்சின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஓரிடத்தில் ஆயுத பூஜைச் சந்தனம் கெட்டியாக அப்பியிருந்தது. வழித்தேன். அரத்தால் ராவிய இரும்பில் 'இங்கிலாந்தில் செய்தது' என்ற இங்கிலீஷ் எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. எஞ்சினை அங்கிருந்து தருவித்து, இங்கே பூட்டி விற்றிருக்கிறார்கள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பேரை நான்தான் ராவினேன். லாபத்தை ராவ முடியலியேடா!"

மூடியை அறைந்து சாத்திவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். கடையைத் தாண்டும்வரை நான் வண்டியைத் தள்ளினேன். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.