ஐந்தேகாலுக்குப் பிறகு நடப்பது

வரும் மாசியில் எங்கள் நாடக மன்றம் இந்த முறைக்கான நாடகங்களைத் தொடங்குகிறது. மாசி, பங்குனி, சித்திரை, மாதத்துக்கு ஒன்று. வாடைக்காற்று அடங்கி, தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்புவதற்கு முன் கடல் சும்மா கிடக்கும் மாதங்கள் அவை. சின்னத் தீவுகளிலிருந்து ஆட்கள் வரவேண்டும் என்றால் அப்போதுதான் போடவேண்டும். நான் நடிப்பதில்லை, உடுப்புத் தைக்கிறேன்.

மன்றம் இருப்பது ஊர்காவற்றுறையில், ஒரு காலத்தில் மாவும் சீனியும் அடுக்கி வைத்திருந்த களஞ்சியத்தில். நான் இருப்பது எழுவைதீவில். எங்கள் தீவுக்குக் கடைசிப் படகு பின்னேரம் ஐந்தரைக்கு. நாடகம் நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். ஐந்தேகாலுக்கு எழும்பி நடந்தால்தான் படகைப் பிடிக்கலாம்.

ஒருநாள் ஊர்காவற்றுறையில் தங்கலாமே என்று கேட்கலாம். என் மாமனாருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போடவேண்டும். அவருக்குக் கண் மங்கல். கணவர் பொழுதுபடும்போது வலை விடப் போய்விடுவார். வீட்டில் ஊசி போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். படகைக் கொஞ்சம் பிந்தி எடுக்கும்படி கேட்கலாம். ஆனால் அதில் பிள்ளைத்தாச்சியும் வருவாள், இரவில் பிடிக்கும் மீனுக்கான ஐஸும் கரைந்துகொண்டு வரும். அதோடு, கேட்பது எனக்கு வராது. பஸ்ஸில் நான் இறங்கும் இடம் வந்தால்கூட மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான்.

ஆகவே மன்றத்தில் சேர்ந்த இந்த நாலு வருடத்தில் ஒரு நாடகத்தின் முடிவையும் நான் பார்த்ததில்லை. ஒத்திகையும் அதே நாலு மணிக்குத்தான். முதல் வருடமே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு கேட்டால், இவ்வளவு நாளும் கதை தெரியாமலா தைத்தாய் என்று நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தேகாலுக்கு எழும்புவது நான் மட்டுமல்ல. நாடகம் பார்க்க வந்த எங்கள் தீவு ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் எழும்புவார்கள். கதிரைகள் இழுபடும். குனிந்துகொண்டு வெளியே வந்து, வெளியே வந்ததும் இறங்குதுறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவோம். படகில் ஏறிய பிறகு எல்லாருடைய பார்வையும் என்மேல் விழும்.

முதல் வருடம் மீன் விற்கும் அக்காதான் கேட்டா. "பிள்ளை, நீ அவையளோடை நிக்கிறனி. அந்தப் பெட்டைக்குப் பிறகு என்ன நடக்கும்?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கிணத்துக்கை விழுந்திடுவாள் அக்கா" என்றேன்.

"செத்துப்போடுவாளோ?"

"ஓம்."

தீவு வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது செத்துப்போனால் மேற்கொண்டு கேள்வி வராது என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு முடிவு சொன்னேன். இரண்டாம் வருடம் ஒரு நாடகத்தில் வந்த கிழவனைப் பாம்பு கடித்தது.

இந்த முறை சித்திரையில் போடும் நாடகம் ஒரு கப்பல்காரனின் மனைவியைப் பற்றியது. கணவன் கப்பலுக்குப் போய் வருடக்கணக்காகச் சேதி இல்லை. ஒருநாள் கடிதம் வருகிறது. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதைப் பிரிக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு ஐந்தேகால் ஆகிவிடும். நெறியாளர் தந்த உடுப்புப் பட்டியலில் 'கடைசிக் காட்சி: மனைவிக்கு ஒரு சேலை' என்று மட்டும் இருந்தது. நிறம் எழுதவில்லை. எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்றைக் கஞ்சி போட்டு, வெள்ளைச் சட்டையும் தைத்து மடித்துக்கொண்டு போனேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ஒத்திகைக்கு முன்னமே உடுப்புப் போட்டுப் பார்க்கக் கூடினோம். மனைவியாக நடிப்பவள் தபால் கந்தோரில் வேலை செய்கிறவள், வாய்க்காரி. பையைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, இது ஆற்றை சீலை?"

"உங்கடைதான். கடைசிக் காட்சிக்கு."

அவள் சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நெறியாளரிடம் போனாள். "சேர், அக்கா என்ரை மனுசனைச் சாக்காட்டிப்போட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். நெறியாளர் சிரிக்கவில்லை. அவர் கணக்கு வாத்தியார். "வெள்ளை எண்டு ஆர் சொன்னது? அவன் சாகேல்லையே. நீர் ஒத்திகை பாக்கிறனீர்தானே?"

நான் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினேன். சுருட்டி முடிந்த பிறகு செய்ய வேறொன்றும் இல்லை. "முடிவு பாக்கிறேல்லை சேர். ஐந்தேகாலுக்குப் போயிடுவன். போட் ஐந்தரைக்கு."

"எண்டைக்கோ ஒருநாளோ?"

"எல்லா நாளும்."

"நாலு வருசமாவோ?"

"ஓம்."

அவர் காலியாகக் கிடந்த கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்தக் கதிரைச் சத்தம்?"

"அது எங்கடை தீவாக்கள் சேர். அவையும் அதே போட்டுக்குத்தான்."

"கடவுளே, நாடகம் பிடிக்காமல் எழும்பிப் போயினம் எண்டெல்லோ நான் நினைச்சனான்! ஆக்களை இருத்தவேணும் எண்டுதான் ஒவ்வொரு வருசமும் கடைசியிலை ரெண்டு பாட்டைக் கூட்டினனான்."

"இப்ப விளங்குதோ, நான் ஏன் தொண்டை கட்டித் திரியிறன் எண்டு?" என்றாள் தபால் கந்தோர்க்காரி.

இரண்டு மணிக்கே தொடங்கினால் என்ன என்று அவர் கேட்டார். அவள் ஒரேயடியாக மறுத்தாள். "சித்திரை வெயிலிலை அந்தத் தகரத்துக்குக் கீழை ரெண்டு மணிக்கோ? என்ரை பவுடர் வடிஞ்சு காலுக்கு வந்திடும். கூரை ஓட்டையளாலை வெளிச்சம் அடிச்சுக்கொண்டு நிக்கும், உங்கடை லைற்றை ஆர் காணுறது?" அதுவும் உண்மைதான். கடைசியில் அவர் நாடகப் பிரதியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மூன்றரைக்குத் தொடங்குவது. கூட்டிய பாட்டுகளை வெட்டினால் இருபது நிமிடம் குறையும். ஐந்து பத்துக்கு முடியும். மாசி, பங்குனி நாடகங்களுக்கு நாலு மணி என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியாகிவிட்டது, அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. கப்பல்காரன் நாடகம் மட்டும் மூன்றரைக்கு.

பிறகு அவர் சொன்னார்: "சரி, இண்டைக்குக் கடைசிக் காட்சியை முதல் போடுவம். நீர் முன்னுக்கு இரும்."

முன் வரிசையில் இருந்தேன். வேறு சேலை இல்லாததால் அவள் அந்த வெள்ளைச் சேலையோடுதான் நடித்தாள். அதனால் முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். கடிதத்தில் என்ன இருந்தது, அவள் என்ன செய்தாள் என்று முழுவதும் பார்த்தேன். நான் நினைத்தது ஒன்றுகூட இல்லை. முடிந்தபோது கைதட்டுவதா விடுவதா என்று தெரியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அன்றைய படகில், நான் ஒரு முடிவையும் பார்க்காமல் இட்டுக்கட்டிச் சொன்னதை யாரும் கேட்க முன்னமே சொல்லிவிட்டேன். சித்திரையில் இவர்கள் முடிவைப் பார்க்கத்தானே போகிறார்கள்.

மீன் விற்கும் அக்கா கூடையை இறக்கி வைத்தா. "அப்ப அந்தப் பெட்டை கிணத்துக்கை விழேல்லையோ?"

"தெரியாது அக்கா. நான் பாக்கேல்லை."

"அடி நாசமறுப்பாளே! அண்டைக்கு இரவு நான் சோறு தின்னேல்லையடி."

படகோட்டி அண்ணை திரும்பிப் பார்த்தார். "கிழவனைப் பாம்பு கடிச்சதோ?"

"அதுவும் நான்தான் அண்ணை."

"பாம்பையும் நீதான் விட்டனியோ!" என்று அவர் சிரிக்க, படகே சிரித்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்காவுக்கு ஆவல் போகவில்லை. "சரி, இந்தக் கப்பல்காரனுக்கு என்ன நடக்கும்? அதையெண்டாலும் உண்மையாச் சொல்லு."

"இது எனக்குத் தெரியும் அக்கா. சொல்லமாட்டன். சித்திரையிலை வந்து பாருங்கோ."

"அப்ப ஒரு பொய்யைத்தான் சொல்லன்."

"ஏலாது அக்கா."

அந்த முடிவை இங்கும் எழுதப்போவதில்லை.

அடுத்த கிழமை அந்த வெள்ளைச் சேலைக்குச் சாயம் போட்டேன். முற்றத்துக் கொடியில் விரிக்கப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் மீன் விற்கும் அக்காவின் குரல் கேட்டது. எங்கள் தீவில் கொடியில் காய்வது எல்லாருக்கும் தெரியும். நிறத்தை வைத்தே பாதிக் கதையை அவ பிடித்துவிடுவா. திரும்பி உள்ளே வந்து, மாமனாரின் அறையில் குறுக்கே கயிறு கட்டிக் காயப் போட்டேன். அவருக்குத்தான் கண் மங்கல். சாய மணத்திலை தலை இடிக்குது பிள்ளை என்று இரண்டு நாள் முணுமுணுத்தார், ஆனால் என்ன நிறம் என்று கேட்கவில்லை.