முப்பத்தெட்டு என்று படித்தேன்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்னும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு கடைகிற லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, சாம்பியன் ரீப்ஸில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கி வைத்தேன். கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட கார்களுக்கு சஸ்பென்ஷன் புஷ் செய்துகொடுப்பதுதான் வேலை. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையை ஆர்ம் என்போம். அதன் ஓட்டைக்குள் உட்காரும் சின்ன உருளைதான் புஷ். வெளியே இரும்புக் குழல், உள்ளே ரப்பர், நடுவில் போல்ட் போக இன்னொரு குழல். கடைகளில் கிடைக்காது. தேய்ந்ததை அளந்துதான் புதியது செய்ய வேண்டும்.

தேய்ந்த புஷ்ஷை மட்டும் நம்பக் கூடாது. பாரம் தாங்கிய பக்கம் நசுங்கியிருக்கும், மறுபக்கம் பிதுங்கியிருக்கும். அதனால் மூன்று இடங்களில் அளப்பேன். அதற்குப் பிறகு ஆர்மின் ஓட்டையையும் அளப்பேன். ஓட்டையைவிட புஷ் ஒரு தலைமுடி அளவு பெரிதாக இருக்க வேண்டும். சம்மட்டியால் அடித்துத்தான் அது உள்ளே போக வேண்டும்.

தொண்ணூற்றாறில் ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஒரு டாக்சி டிரைவர் இருந்தார். சட்டென்று கை ஓங்குகிற ஆள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரைச் செருப்பாலேயே அடித்தவர். அவர் குரல் தெருவில் கேட்டாலே எனக்கு வியர்க்கும். அவருடைய காரின் இரண்டு ஆர்ம்களையும் கழற்றியவர், எங்களிடமிருந்து நாலு லைன் வீடுகள் தள்ளிக் கொட்டகை வைத்திருந்த மெக்கானிக். என்னைவிட பத்து வயது சின்னவர். இடது புஷ் முழுசாக வந்துவிட்டது. வலது வரவில்லை. ரப்பரை எரித்து, குழலை உளியால் பிளந்து எடுத்திருந்தார். இரண்டையும் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"வலது துண்டு துண்டாயிடுச்சுண்ணா. கொட்டாயிக்கு வந்து ஓட்டைய அளந்துக்கோ."

நான் போகவில்லை. அங்கே எந்நேரமும் நாலு பேர் பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அளக்கிற வெர்னியரோடு என்னைக் கண்டால் போதும், "இன்னா மாப்ளே, பொண்ணு அளக்க வந்தியா?" என்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, வலதும் இடதும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று இடது புஷ்ஷை அளந்து இரண்டையும் செய்தேன்.

வலது ஆர்மின் ஓட்டையை யாரோ எப்போதோ கடைந்து பெரிதாக்கியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. மெக்கானிக் திரும்ப வந்தார்.

"ண்ணா, வலது கையாலயே உள்ள போவுது. வேற ஒண்ணு போட்டுக் குடு."

"டின் தகடு சுத்தி அடிப்பா. நிக்கும்."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது, போ."

பழைய பம்புகளில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். பம்பு ஒரே இடத்தில் நிற்கும். கார் குழியில் விழுந்து எழும். அதை நான் யோசிக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து மதியம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். டிரைவர் உள்ளே வந்தார். சட்டை முழுக்க இரத்தம். அவருடைய இரத்தம் இல்லை. கையில் அந்த ஆர்ம், வண்டியிலிருந்து பிய்ந்து வந்தது. புஷ் பாதி வெளியே தொங்கியது. எதுவும் கேட்காமல் ஆர்மால் என் தோளில் அடித்தார். விழுந்தேன். முடியைப் பிடித்துத் தூக்கி முகத்தை லேத்தின்மேல் மோதினார். என் மூக்கு உடைந்தது என் காதுக்கே கேட்டது.

"சயனைடு மண்மேட்டு வளைவுல சக்கரம் புடுங்கிச்சுடா! மரத்துல மோதி என் பொஞ்சாதி கண்ணுல கண்ணாடி பூந்துட்ச்சு. ஒரு கண்ணு போச்சுன்றான் டாக்டரு. எந்தக் கையால அளந்தே? சொல்லுடா!"

 அவரே என் வலது கையை இழுத்து, மூன்று விரல்களை, மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் தாடைக்குள் வைத்து, கைப்பிடியைத் திருப்பினார். நகங்கள் முதலில் வெளுத்தன, பிறகு கறுத்தன. வாசலில் எதிர் டீக்கடை ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

"வெரல ஒடிச்சிட்டா அடுத்த புஷ் எவன் போடுவான்? கால ஒடிங்க!" என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த மூன்று விரல்கள் போனால் எனக்குப் பிழைக்க வேறு வழி கிடையாது. என் வாழ்நாளில் முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"அளந்து பாத்துடலாம்ண்ணா. தப்பா இருந்தா அப்புறம் திருப்புங்க."

"நீயே அள. நான் பாத்துனு இருக்கேன்."

வெர்னியரை என் இடது கையில் திணித்தார். ஆர்மைத் தூக்கிப் பிடித்தார். அங்கே அதன் கோடு பார்த்து அளவு சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். புஷ்ஷை அளந்தேன். முப்பத்தெட்டு மில்லிமீட்டரும் ஒரு முடியும். ஓட்டையை அளந்தேன். முப்பத்தொன்பது.

"இன்னா காட்டுது?"

"புஷ் முப்பத்தெட்டு."

"ஓட்ட?"

"அதுவும் முப்பத்தெட்டு."

"அப்ப ஏன்டா வெளிய வந்துச்சு?"

ஓட்டைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த டின் தகட்டைக் காட்டினேன். "இதப் பாருங்க. புஷ்கூட தகடு வெச்சு அடிச்சுக்கீறாங்க. அதான் பிதுங்கினு வந்துட்ச்சு."

"யாரு வெச்சது?"

"நான் வெக்கல."

அது உண்மைதான். அவர் ஆர்மைத் தோளில் போட்டுக்கொண்டு மெக்கானிக் கொட்டகைப் பக்கம் நடந்தார். கூட்டமும் பின்னால் ஓடியது. என் விரல்கள் வைஸிலேயே இருந்தன. இடது கையால் கைப்பிடியைத் திருப்பப் பார்த்தேன். அவர் பலத்துக்கு இறுக்கியது, அசையவில்லை. ஆனால் கத்தியிருக்கலாம். நில்லுங்கண்ணா என்று ஒரு வார்த்தை போதும். விரல்களை எப்படி வெளியே எடுப்பது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அலறல் கேட்டபோது கைப்பிடி கால் சுற்று திரும்பியிருந்தது.

காலை ஒடிக்கச் சொன்ன டீக்கடை ஆள் திரும்பி வந்து, மேட்ச் பார்த்தவன் போலச் சொன்னான்: "லேத்துக்கார அண்ணன்தான் தகடு வெக்கச் சொன்னாருன்னு கத்தினான்யா. 'அந்த ஊமை மேலயா பழி போடற?'ன்னு கேட்டுக் கேட்டு வுட்டாரு. வாயே கீஞ்சு போச்சு."

மெக்கானிக்கின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. முன்பற்கள் போயின. இடது காது அன்றோடு கேட்கவில்லை. அவர் கொட்டகையை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அவர் மனைவி காலை ரயிலில் பெங்களூருக்குத் தையல் வேலைக்குப் போகத் தொடங்கினார். என் நகங்கள் ஆறு மாதத்தில் முளைத்துவிட்டன. டிரைவர் மற்ற டாக்சிக்காரர்களை என்னிடம் அனுப்பினார். "வைஸுல மாட்டினாகூட கரெக்டா அளப்பான்" என்று அவர்களிடம் சொல்வாராம். அந்த வேலைகளை எல்லாம் நான் வாங்கிச் செய்தேன்.

நேற்று மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கோணலான தாடையோடு வெயிலில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டை முப்பத்தொன்பது என்று சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அடி வாங்கறப்பவே தெரியும்ண்ணா. என்கிட்ட சொல்லிட்டா உனுக்குத் தூக்கம் வரும். எனுக்கு இன்னா? ஊருல அந்தம்மா கண்ண எடுத்தவன் நான்தான். போய் அங்க சொல்லு."

"எனக்கு வாய் வராதுப்பா."

"அன்னிக்கு மட்டும் நல்லா வந்துச்சே." ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தார். பல் இல்லாத இடத்தில் வைத்திருந்தார். "வரலன்னா எழுதிக் குடு. அந்தம்மா கைலயே குடு. இருக்கற கண்ணால படிக்கட்டும்."

அதற்காகத்தான் இன்று பகல் முழுக்க உட்கார்ந்து இதை எழுதினேன். நாளைக் காலை ஸ்கெலட்டனுக்குப் போகிறேன். எட்டு மணிக்கு டிரைவர் வண்டி எடுத்துவிடுவார். அதற்கு முன்பே, அவர் வீட்டில் இருக்கும்போதே போகிறேன்.

2001 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை.