மூன்றாவது வரிசை மணிமொழி

பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். பக்கத்து இருக்கை சும்மாதானே கிடக்கிறது, அதில் வைத்தால் என்னவாம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வைக்கமாட்டார். திருமானூரில் ஆலை பஸ் புறப்படும்போதே மூன்றாவது வரிசையின் ஜன்னலோரத்தைப் பிடித்து, பையை அணைத்துக்கொண்டு, அதன் மேல் அவித்த கடலை டப்பாவைத் திறந்து வைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வார் மணிமொழி. பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் டப்பா மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் நகரும். முகம் திரும்பாது.

மணிமொழி மனநல ஆலோசகர். வேலைக்குப் போகிறவர்களின் மனக்கஷ்டத்தை, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்க் கேட்பதற்கென்று ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார். வீடு அரியலூரில். அவர் போகவேண்டிய துணி தைக்கும் ஆலை அரியலூரைத் தாண்டி, பெரம்பலூர் சாலையில் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இப்படிப் போய் அப்படி இறங்கிவிடலாம். இவரோ விடிவதற்கு முன்பே எதிர்த்திசையில் பஸ் பிடித்துத் திருமானூர் போய் இறங்கி, அங்கே ஆலை பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, வந்த வழியே திரும்பி வருகிறார். சொந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் பஸ் போகும். "உங்களுக்கே ஒரு ஆலோசகர் தேவைப்படும்போல இருக்கே" என்றேன். "வேணும்தாங்க. ஆனா அவங்களும் இந்த பஸ்ஸுலதான் வரணும்" என்று சொல்லிக் கடலையை நீட்டினார்.

ஆள் குள்ளம். பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு. கையில் வாட்ச் கிடையாது. நாம் மணி பார்த்தால் எதிராளிக்குப் பேச்சு நின்றுபோகுமாம். கண்ணைத் துடைக்கக் காகிதம் கொடுக்கிற வழக்கமும் இல்லை. "அத நீட்டுனாலே, இந்தா இவ அழுவுறான்னு ஊருக்குத் தமுக்கடிச்ச மாதிரி ஆயிடும். முந்தானை எதுக்கு இருக்கு?" என்கிறார். 'மனசு எப்படி இருக்கு' என்றும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தூக்கம் வருதா?"

என்னையும் கேட்டார். சும்மா ஒரு மரியாதைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவன், கீழப்பழுவூர் வருவதற்குள் என் மைத்துனர் விவகாரம் வரைக்கும் போய்விட்டேன். பேட்டி எடுக்க வந்தது நான்தான் என்பதைச் சட்டென்று நினைவுபடுத்திக்கொண்டு வாயை மூடவேண்டியதாயிற்று.

டிரைவர் அரியமுத்துவையும் தினம் ஒருமுறை கேட்டுவைப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், முன்பு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அவரிடம் தினமும் ஒரே பதில்தான்: "டிரைவரப் பாத்துத் தூக்கம் வருதான்னு கேக்குறீங்களே மேடம்! வந்தா இந்நேரம் நாம எல்லாரும் வாய்க்கால்லதான் கெடக்கணும்." தினம் கேட்டாலும் பஸ் முழுக்கச் சிரிக்கிறது. நானும் சிரித்தேன்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வருஷக்கணக்கில் இருந்தவர் மணிமொழி. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அங்க எங்கிட்ட வந்தவங்க எல்லாம் கடைசியா வந்தவங்க. எல்லாம் கைமீறி, வூடே ரெண்டுபட்டப்புறம் வருவாங்க. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மான்னா, 'லீவு கெடைக்கல மேடம்'பாங்க. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு. சரி, லீவு கெடைக்காதவங்ககிட்ட நாமளே போவோம்னு கெளம்பிட்டேன்."

கிளம்பினது என்னவோ சுலபம். அரும்பாவூரில் பிறந்த வீட்டில் பெரிய ரகளை. "பேசுறதுக்கு ஒரு கம்பெனியா? நம்மூரு டீக்கடையில ஓசியிலயே பேசுறானுவ, காசு குடுத்தாலும் நிறுத்த மாட்டேங்குறானுவ" என்றாராம் அண்ணன். வெளியிலும் அதே கதைதான். பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் போய், உங்கள் ஊழியர்களின் மன நலம் என்று இவர் ஆரம்பித்ததும், அவர் கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏம்ப்பா, எல்லாரும் சந்தோஷமாத்தான இருக்கீங்க?" காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "இருக்கோம் சார்" என்றார்கள். "பாத்தீங்களா மேடம்" என்று சொல்லி, ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். மணிமொழி இதை நடித்துக் காட்டும்போது நமக்கு வயிறு வலிக்கிறது. அன்றைக்கு அவர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

கடைசியில் இந்தத் துணி ஆலைதான் கதவைத் திறந்தது. குளிரூட்டிய அறை, சோபா, சுவரில் அருவிப் படம், வாசலில் 'மனநல ஆலோசனை' என்று பெரிய பலகை. அங்கேதான் மணிமொழி சறுக்கினார். ஆலையில் தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரே ஊரிலிருந்து ஒரு கூட்டமாக வருகிறவர்கள், ஒருவருக்கொருவர் உறவுமுறை. அந்தப் பலகைக்குக் கீழே யார் தலை நுழைந்தாலும் சாப்பாட்டு மணிக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். தலைவலி என்று ஒரே ஒரு முறை உள்ளே போனார் கீழப்பழுவூர் மலர்கொடி. அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்புவதற்குள், மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாமியார் விபூதியோடு வாசலில் நின்றாராம்.

(இந்தக் கட்டுரையில் வருகிற பெயர்கள் எல்லாம் உரியவர்களே போடச் சொன்னவை. மணிமொழி வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. பின்னால் வருகிற ஆலை மேலாளர் பெயரை மட்டும் நான் மாற்றிவிட்டேன், மனிதர் பாவம்.)

அப்புறம் மலர்கொடி வேலைக்கே வரவில்லை. மணிமொழிக்குச் சோறு இறங்கவில்லை. தன்னால் ஒரு பெண்ணின் பிழைப்பு போயிற்றே என்று கீழப்பழுவூருக்கே போய், கடைத்தெருவில் வைத்து யதேச்சையாகப் பார்த்த மாதிரி பார்த்து, நாளைக்கு வந்துவிடு, நானும் உன்கூட பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் திருமானூர் போய் அந்த பஸ்ஸில் ஏறினார். கீழப்பழுவூரில் மலர்கொடி ஏறியபோது, மணிமொழிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தவர் ஆலை வாசல் வரைக்கும் வாய் ஓயாமல் பேசினார். அறையில் ஒரு வார்த்தை வராத பெண்.

"ஏங்க்கா, அந்த ரூமுக்குப் போனா எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. பஸ்ஸுல உக்காந்தா என்னத்தக் கேப்பாங்க? இடம் இருந்துச்சு, உக்காந்தேன். அவ்வளவுதான?" என்று என்னிடம் சொன்ன அதே வார்த்தையைத்தான் அன்றும் மணிமொழியிடம் சொன்னாராம். ஆணான என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டார், பேச்சு வேகம் அப்படி.

பலகையை மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டார் மணிமொழி. சோபா இப்போது வரவேற்பறையில் கிடக்கிறது. அன்றிலிருந்து பஸ்ஸின் மூன்றாவது வரிசைதான் ஆபீஸ். பக்கத்து இருக்கையில் தினம் யாராவது உட்காருகிறார்கள். பாதிப் பேர் சும்மா தூங்கிக்கொண்டு வருவார்கள், அதனால் யார் பேசினார்கள், யார் தூங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் நம் ஊரில் பேச்சு வராது, இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தானாக வந்துவிடும் என்பது இந்த ஒரு வருஷத்தில் மணிமொழி கற்றுக்கொண்ட பெரிய பாடம். "படிச்சப்ப இத யாரும் சொல்லித் தரலைங்க" என்கிறார்.

இதில் அரியமுத்துவின் பங்கு ஒன்று உண்டு. யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசையில் இரண்டாவது ஆள் உட்கார்ந்ததும் அவர் கை தானாகப் போய்ப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடும். பேசினாலும் சரி, குறட்டை விட்டாலும் சரி. பின்வரிசைக்கு ஒரு சொல்லும் எட்டாது. "காது வலிக்குது முத்தண்ணே, கொறைங்க" என்று யாராவது கத்தினால், "எனக்குத் தூக்கம் வந்துரும், பரவால்லயா?" என்பார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மேலாளர் குருநாதன் பேர்ப் பட்டியல் கேட்டார். யாருக்கு மன அழுத்தம், எந்த வரிசையில் தைக்கிறார்கள், என்ன பிரச்சினை. "நாங்களும் உதவி பண்ணணும்ல மேடம்" என்றாராம் தேனாக. மணிமொழி கொடுத்தார்: கழிப்பறைக்குப் போக நேரம் போதவில்லை, சூபர்வைசர்கள் வாடி போடி என்கிறார்கள், வீட்டுக்காரர்களின் குடி. பெயர் மட்டும் இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான், அடிக்கடி லீவு எடுத்த இரண்டு பெண்களைத் 'தெம்பு போதாது' என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மணிமொழிக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் குருநாதன் சொல்லிவிட்டார்: "அப்ப பஸ்ஸுல ஊர் சுத்துறதுக்கா ஒப்பந்தம் போட்டோம்? தை மாசத்தோட அது முடியுதுல்ல, அப்பப் பாத்துக்கலாம்."

இந்த ஆலை போனால் கம்பெனியை மூடவேண்டியதுதான். மற்றபடி அவரிடம் இருந்தது ஒரு சின்ன மருத்துவமனையும் ஒரு லாரி ஆபீசும். திரும்ப திருச்சிக்குப் போய் வேலை கேட்கவேண்டும், அரும்பாவூர் அண்ணன் முகத்தில் விழிக்கவேண்டும். இருந்தும் கொடுக்கவில்லை. "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேங்க. கடலை அவிக்கிறப்பல்லாம், இன்னும் எத்தன நாளைக்கு அவிப்போமோன்னு தோணும்."

குருநாதன் விட்டாரா? அரியமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். பேருந்தில் எல்லாவற்றையும் பார்க்கிற ஒரே ஆள் அவர்தானே. அந்த விசாரணையை அரியமுத்துவே எனக்குச் சொன்னார்.

"மேடம் பக்கத்துல யார் யாரு உக்காருறாங்க?"

"நான் ரோட்டப் பாத்து ஓட்டுறவன் சார். பின்னாடி யாரு உக்காந்தா எனக்கென்ன தெரியும்?"

"உள்ள கண்ணாடி இருக்குல்ல?"

"அது மரை கழண்டு கூரையத்தான் காட்டுது சார். ரெண்டு தடவ சொல்லிட்டேன், நீங்கதான் மாத்தித் தரல."

குருநாதன் நேரே வந்து பஸ்ஸில் ஏறிப் பார்த்தார். கண்ணாடி கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். "அது ஆச்சு சார், மேடம் வந்ததுலேருந்து" என்று சொல்லிவிட்டு அரியமுத்து ஸ்டியரிங்கைத் துடைக்கப் போய்விட்டார். விஷயம் தெரிந்திருந்தால் அவர் வேலையும் சேர்ந்தே போயிருக்கும்.

நான் பஸ்ஸில் போனது பொங்கல் முடிந்த கையோடு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பெண்களில் ஒரு பெரும் பகுதி திரும்பி வராமலே போவது இந்த ஆலைகளில் வழக்கம். தையல் இயந்திரங்கள் மூடிப்போட்டுக் கிடக்கும், ஆள் பிடிக்க அலைவார்கள். இந்த வருஷம் கிட்டத்தட்ட எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். சூபர்வைசர் வாடி போடி என்பதும் குறைந்திருந்தது, அதுவும் ஒரு காரணம். காரணம் எதுவானாலும் ஓடுகிற இயந்திரங்களை ஆலை முதலாளியே கண்ணால் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அரியலூரில் தன் தெருமுனை வந்தும் மணிமொழி இறங்கவில்லை. போகும்போதும் பேசுகிறவர்கள் உண்டு என்று திருமானூர் வரை போய்த்தான் திரும்புவாராம். அப்போது போன் வந்தது. குருநாதன்தான். மணிமொழி 'ம்', 'சரிங்க', 'சரிங்க சார்' என்றார். பிறகு, "அந்த வரிய எழுத்துல போட்டுருங்க சார். பேர் கேக்க மாட்டோம்கிற வரி" என்றார். போனைப் பையில் போட்டார். "ஸ்ஸ்ஸப்பா!" என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெண் முழித்துக்கொண்டார்.

"என்னக்கா?"

"ஒப்பந்தத்த இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டாங்கடி."

பஸ்ஸே இரைந்தது. மலர்கொடி எழுந்து வந்து கடலை டப்பாவைப் பிடுங்கி எல்லோருக்கும் விநியோகம் செய்தார். அரியமுத்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தார், எதிரே சிமெண்ட் லாரிக்காரன் எதற்கென்று தெரியாமலே பதில் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். எனக்குமே சந்தோஷமாக இருந்தது.

கீழப்பழுவூரில் பாதி இறங்கியது, வழியில் மீதி இறங்கியது. திருமானூரில் பஸ் ஓரங்கட்டி நின்றபோது நாங்கள் மூன்று பேர்தான். பாட்டு மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. மணிமொழி அரியலூர் திரும்புவதற்காகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அரியமுத்து தன் இடத்தை விட்டு இறங்கி, கீழே போகாமல் உள்ளே வந்தார். மூன்றாவது வரிசைக்கு அருகே வந்து, தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"தெனம் கேப்பீங்கல்லம்மா, தூக்கம் வருதான்னு..." என்றார். மேடம் என்று சொல்லவில்லை. பிறகு அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் டீ குடிப்பதாகச் சொல்லி இறங்கிக்கொண்டேன். கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். மணிமொழி உட்காரவில்லை. அவரைத் தாண்டி முன்னால் போனார். பஸ்ஸில் வேறு ஒரு ஆள் கிடையாது. இருந்தும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.