மேனேஜரின் அப்பா பிரபுதானா?

டல்லஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் நான் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனியில் என் மேனேஜர் டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் தன்னை ஸ்காட்லாந்துக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார். அங்கே ‘கிளான்’ என்றால் ஏறக்குறைய நம் பங்காளிக் கூட்டம் மாதிரி. ஒரு தலைவர், அவர் பெயரையே வைத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான குடும்பங்கள். அப்படியொரு பெயர் மேனேஜருக்கும் இருந்தது. “எங்க உடம்புல ஓடறது ராஜ ரத்தம்” என்பார். என் கிரீன் கார்டு அவரை நம்பி இருந்ததால் நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தலையாட்டுவேன்.

தொண்ணூற்றெட்டில் அவருடைய அப்பாவுக்கு எண்பது வயது. வீட்டில் மதிய விருந்து. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருந்த இளைஞரையும் அழைத்திருந்தார். அவரிடம் கார் இல்லை, நானும் என் மனைவியும்தான் எங்கள் காரில் கூட்டிப் போனோம். ஃப்ரீவேயில் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

“மேனேஜர் என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கார். அவரோட அப்பா முன்னாடி எழுந்து நின்னு, நீங்க பிரபு வம்சம்னு நான் சொல்லணுமாம். அது உண்மையில்ல. பட்டம் தலைவரோட வாரிசுக்கு மட்டும்தான். மத்தவங்கள்ல பாதிப்பேர் அவர் நிலத்துல குடியிருந்து, அவர் பேரை வெச்சுக்கிட்டவங்க.”

என் மனைவி தமிழில் பதறினாள். “ஏங்க, இவர் அங்க போய் எதையாவது உளறிடப் போறார். உங்க கிரீன் கார்டுக்கு முதல் படி, அந்த லேபர் சர்டிஃபிகேஷனே இன்னும் ஃபைல் பண்ணலை. நாம கூட்டிட்டு வந்த ஆள்னு ஆயிடும்.”

“வாழ்த்து மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க” என்று அவரிடம் கெஞ்சினேன்.

விருந்தில் அவரும் அப்படித்தான் செய்தார். மேனேஜர் விடவில்லை. கணப்புக்கு மேலே மாட்டியிருந்த கிளான் சின்னத்தைக் காட்டி, “இதுக்கு என்ன அர்த்தம்? அப்பா ஒரு லார்டுன்னு சொல்லுங்க” என்றார்.

இளைஞரின் காது சிவந்துவிட்டது. “மன்னிக்கணும். பேர் இருந்தா மட்டும் யாரும் லார்டு ஆக முடியாது.”

மேனேஜரின் மனைவி கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். என் மனைவியின் நகம் என் கையில் அழுந்தியது.

“என் வீட்டுலயே வந்து...” என்று மேனேஜர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

“உட்காரு” என்றார் அப்பா, சக்கர நாற்காலியிலிருந்து. “அவர் சொல்றது சரி. என் தாத்தாவுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அவங்க வீட்டுக் கூரையில தீ வெச்சாங்க. ஆடு வளர்க்க நிலம் வேணுமாம். வெக்கச் சொன்னது யாரு தெரியுமா? நம்ம தலைவர்தான். அவரோட சின்னத்துக்குக் கீழதான் என்னை உட்கார வெச்சிருக்கே.”

“ஏம்ப்பா இத்தனை வருஷமா சொல்லலை?”

“நீ அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?”

மேனேஜர் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். கேக்கை யாரும் தொடவில்லை. நாங்கள் விடைபெறாமலே கிளம்பினோம்.

திங்கட்கிழமை என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

“நாங்க லார்டு வம்சம் இல்லைன்னு கார்ல வரும்போதே உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியும்” என்றேன்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு, “அந்த வயசுல அவர் எங்கே ஓடியிருப்பார்?” என்றார். அப்பாவின் தாத்தாவைத்தான் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

எடின்பரோக்காரரிடம் மேனேஜர் அதன்பிறகு வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசியதே இல்லை. என் கிரீன் கார்டு பேப்பர்கள் ஃபைலானது அடுத்த வருஷம்தான். தாமதம் கம்பெனி லாயராலா மேனேஜராலா என்று நான் கேட்கவில்லை.