முகத்துக்குப் பின்னால்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு ஸ்டூடியோக்காரர். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். எந்தப் படத்திலும் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

படகில் போனபோது என் அக்சன் கமெரா எடுத்த ‘ரோ’ (சுருக்காத மூலப்) படங்கள் போனில் திறக்கவில்லை. அவற்றைச் சாதாரண ஜேபெக் படங்களாக ஆக்கித்தரச் சொல்லி அவரிடம் கொடுத்தேன்.

முதல் படம் திறந்ததும் அவருடைய கண்ணாடி கண்ணுக்கு இறங்கியது. சிரிக்கும் என் மகளுக்குப் பின்னால், படம் எடுக்கத் தடையான கடற்படை இறங்குதுறையும் சாம்பல் நிறக் கப்பலும் தெளிவாகத் தெரிந்தன. அகன்ற லென்ஸ் எல்லாவற்றையும் அள்ளியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, பாஸ்போர்ட் படம் எடுக்கக் கடற்படைச் சீருடைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

“இருங்கோ சேர், வாறன்,” என்றபடி ஸ்டூடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். திரை முழுக்க மகளின் முகம் மட்டும்.

“வடிவான பிள்ளை,” என்றார் வந்தவர், தட்டுத்தடுமாறிய தமிழில்.

அவர் போனபின், “உங்களுக்குப் பயமா இருக்கேல்லையா அண்ணை?” என்று கேட்டேன்.

“கதைக்காதேங்கோ,” என்று அடுத்த படத்தைத் திறந்தார்.

அவர் மாற்றித்தந்த படங்களை வீட்டில் பார்த்தேன். எல்லாப் படங்களிலும் மகளின் முகம் மட்டும் இருந்தது. ஒன்றிலும் கடல் இல்லை. முகத்துக்குப் பின்னால் முதலில் பார்க்கும் பழக்கத்தை அவருக்குத் தந்த படம் எது என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.